இரண்டு பெட்டிகளும் ஒரு மைக்கும்

ஜனவரி 4

தம்பிக்கு,

போனில் நீ என் எண்ணைத் தடுத்து வைத்து மூன்று வருஷமாகிறது. தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது என்பதால் இந்தக் கடிதம். பிரிக்காமலே கிழித்துப் போடுவாய் என்று உன் மனைவி சொன்னாள். தானே பிரித்து உன் மேஜைமேல் வைத்துவிடுவதாகவும் சொன்னாள். அவளைத் திட்டாதே, யோசனை என்னுடையது.

விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் 14ஆம் தேதி நம் இசைக்குழு மறுபடி மேடை ஏறுகிறது. அதே பாடகி, அதே கீபோர்டுக்காரர், அதே டிரம்ஸ்காரர். இடம், நான் இப்போது வேலை பார்க்கிற அரங்கம். ஒலி முழுக்க என் பொறுப்பு. கிட்டாருக்கு உன்னைத்தான் கூப்பிட வேண்டும் என்று பாடகி ஒரே பிடியாக நிற்கிறார். டிரம்ஸ்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

ஒரு சங்கடம் இருக்கிறது. அரங்கத்தின் வலப்பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் பிரசவ மருத்துவமனை. குழந்தைகள் பிறந்ததும் கேட்கிற முதல் சத்தம் கிட்டாராக இருக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால், மேடையில் பெரிய சத்தம் போடுகிற பெட்டி எதுவும் கூடாது என்று அரங்கத்தில் விதி. இடுப்பு உயரத்துக்கு நாலு ஸ்பீக்கரோடு நிற்கிறதே உன் கேபினெட், அதை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அதற்குப் பதிலாக, கீழ் ஒலி முதல் உச்ச ஒலி வரை எல்லாவற்றையும் தருகிற ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கர் ஒன்று தருகிறேன். சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. தரையில் சாய்ந்து படுத்து உன் முகத்தைப் பார்த்துப் பாடும். உனக்கு மட்டும் கேட்கிற அளவில் வைத்துக்கொள்ளலாம். உன் பழைய ஆம்பின் குணத்தையும் கேபினெட்டின் குணத்தையும் காலால் மிதிக்கிற ஒரு டிஜிட்டல் பெடல் நகல் எடுத்துக் கொடுத்துவிடும்.

யார் எங்கே நிற்கிறார், எதை வைத்து வாசிக்கிறார் என்ற மேடை வரைபடத்தை பிப்ரவரி 20க்குள் நான் கொடுத்தாக வேண்டும். உன் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அக்கா


ஜனவரி 8

மதிப்பிற்குரிய ஒலிப் பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. என் வீட்டிலேயே தங்களுக்கு உளவாளி இருக்கிறார் என்பதும் தெரிந்தது.

மூன்று வருஷம் முன்பு நடந்ததைத் தாங்கள் ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. மறந்திருக்க முடியாது. தங்களுக்கு நினைவூட்டுவது என் கடமை. இரண்டாவது பாட்டு முடிந்ததும் மிக்ஸர் மேஜையிலிருந்து மைக்கில், முந்நூறு பேர் கேட்க, “தம்பி, கொஞ்சம் குறை” என்றீர்கள். குறைத்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் மறுபடி. முடிந்ததும் மறுபடி. டிரம்ஸ்காரர் குச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு, “ஆடத் தெரியாதவனுக்கு மேடை கோணல், வாசிக்கத் தெரியாதவனுக்கு வால்யூம்” என்றார். முன்வரிசையில் சிரித்தார்கள். நாலாவது பாட்டில் நான் வயரைப் பிடுங்கிக்கொண்டு இறங்கியதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். ஏன் இறங்கினேன் என்று கேட்டவர் யாருமில்லை.

அன்று வண்டி நிறுத்துமிடம் வரை என் பின்னால் ஓடிவந்தவர் ஒரே ஒருவர். முன்பின் தெரியாத ஒரு வங்கி அதிகாரி. “சார், நான் பால்கனில கடைசி வரிசை. உங்க கிட்டாரோட சத்தம் நெஞ்சுல வந்து விழுந்தது சார். இப்படிக் கேட்டதே இல்ல” என்றார். கூடப் பிறந்தவர் சொல்லாததை யாரோ ஒருவர் மூச்சிரைக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தைத்தான் இப்போது வாசலில் நிறுத்துவதாக எழுதுகிறீர்கள்.

எனக்கு நிராகரிப்பு புதிதல்ல. என் ஆராய்ச்சியை அரைகுறையாக நிறுத்திய வழிகாட்டி, எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து எனக்குத் துறைத் தலைவராகியிருக்கிற மேதாவி, இந்த வரிசையில் தாங்களும் உட்காருங்கள், இடம் இருக்கிறது. பதினெட்டு வருஷமாக இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மரப்பெட்டிக்குள் காற்று அதிர்வதை எந்தச் சில்லும் நகல் எடுக்க முடியாது.

நான் வரவில்லை.

தம்பி

பி.கு.: அந்த ஸ்பீக்கர் எத்தனை அங்குலம்? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


ஜனவரி 13

தம்பிக்கு,

பன்னிரண்டு அங்குலம். மேலே உச்ச ஒலிக்கு ஒரு சின்ன ஹார்ன்.

‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறாய். பத்து வயதில் உன் சைக்கிளை நான் சுவரில் மோதியபோதும் இப்படித்தான் ஒரு வாரம் ‘வாங்க போங்க’ என்று என்னைக் கொன்றாய். அப்போதும் நான் அழவில்லை.

அன்றைக்கு மைக்கில் சொன்னது தப்பு. மேடைக்கு வந்து உன் காதில் சொல்லியிருக்க வேண்டும். இதற்கு மேல் இந்தக் கடிதத்தில் எழுதவில்லை.

ஒலிக்கருவிகள் ஏற்றுகிற வேன் அடுத்த வாரம் உங்கள் ஊர் வழியாகப் போகிறது. ஸ்பீக்கரையும் பெடலையும் அதில் அனுப்புகிறேன். ஓட்டுநரிடம் சண்டை போடாதே, நல்ல மனுஷர். பெடலை நானே செட் செய்துவிட்டேன். பின்பக்கம் இரண்டு துளைகள். ‘ஏ’ ஃபுல் ரேஞ்சுக்கு, கேபினெட் நகலோடு. ‘பி’ உன் சொந்த ஆம்ப் வழியாக உன் கேபினெட்டுக்கு, நகல் இல்லாமல். டேப் ஒட்டி என் கையாலேயே எழுதியிருக்கிறேன். வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டுப் பார். எதையும் திருகாதே.

நீ வராவிட்டால் டிரம்ஸ்காரர் தன் பல் டாக்டரைக் கொண்டுவருகிறேன் என்கிறார். அவரும் கிட்டார் வாசிப்பாராம். “அவர் கை பட்டா வலியே தெரியாது” என்று சிபாரிசு வேறு.

அக்கா


ஜனவரி 22

அக்காவுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. ஓட்டுநரோடு சண்டை போடவில்லை. அவர்தான் கேபினெட்டைப் பார்த்து “இது ஃப்ரிட்ஜா சார்?” என்றார். பொறுத்துக்கொண்டேன்.

மூன்று நாளாக நடப்பதை வரிசையாக எழுதுகிறேன். எனக்கே ஒரு வரிசை கிடைத்தால் நல்லது.

திங்கள், கல்லூரி முடிந்து வந்ததும். ‘ஏ’யில் உன் ஃபுல் ரேஞ்ச். தகர டப்பாவுக்குள் குளவியை விட்டுக் குலுக்கின மாதிரி இருந்தது. ஒவ்வொரு தந்தியும் பல்லில் கீறியது. ‘பி’யில் என் கேபினெட். அதே பழைய சத்தம், அகலமாக, உருண்டையாக. ஐந்து நிமிஷத்தில் தீர்ப்பு முடிந்தது. உனக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே காபி குடித்தேன். நல்ல கடிதம்.

செவ்வாய். நியாயமாக நடக்க வேண்டும் என்று கையேட்டைப் படித்தேன். நாற்பத்தோராம் பக்கத்தில் ‘கேபினெட் நகல்’ என்ற ஸ்விட்ச் இருக்கிறது. பெடலில் பார்த்தால் அது அணைந்திருந்தது. போட்டேன். ஃபுல் ரேஞ்ச் திடீரென்று மனிதனாகிவிட்டது. குளவி போய்விட்டது. என் கைக்கு அடியில் நான் கேட்டிராத சின்னச் சின்ன விஷயங்கள், விரல் நழுவுவது, தந்தி அடங்குவது எல்லாம் கேட்டது. கோபத்தோடு கேபினெட்டுக்குப் போனேன். அது கம்பளிக்குள் படுத்துக்கொண்டு பேசியது. மங்கல், மூக்கடைப்பு. ‘பி’ நகல் இல்லாமல் என்று நீ எழுதி ஒட்டியிருப்பதால், நான் போட்ட ஸ்விட்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அப்படியானால் ஒரே ராத்திரியில் கேபினெட்டுக்கு என்ன வந்தது? பின்பலகையைக் கழற்றி டார்ச் அடித்து நாலு ஸ்பீக்கரையும் தடவிப் பார்த்தேன். கிழிசல் இல்லை. ஈரமும் இல்லை.

புதன். காது டாக்டரிடம் போனேன். இரண்டு காதிலிருந்தும் அழுக்கு எடுத்தார். ஒன்றும் மாறவில்லை. வீட்டுக்கு வந்து ஸ்விட்சை அணைத்துப் பார்த்தேன். கேபினெட் பிழைத்துக்கொண்டது. குளவி திரும்பி வந்துவிட்டது.

இப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு நாள் ஒன்று நல்லவன், இன்னொரு நாள் மற்றவன். இருவரும் சேர்ந்து ஒரே நாளில் நல்லவர்களாக இருக்க மறுக்கிறார்கள். என் மனைவியைக் கேட்டால், “வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குத்தம், கால் பட்டாலும் குத்தம். நீங்க எதை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டுக் கேக்கறீங்க?” என்கிறாள். எதை என்று எனக்கே தெரியவில்லை.

ஏதாவது செய்து அனுப்பியிருக்கிறாயா? நேராகக் கேட்கிறேன்.

தம்பி


ஜனவரி 26

தம்பிக்கு,

செய்துதான் அனுப்பியிருக்கிறேன். முட்டாள்தனம், சதி இல்லை.

அந்த ஸ்விட்ச் இரண்டு துளைக்கும் தனித்தனியாகவும் இருக்கும், பொதுவாகவும் இருக்கும். தனித்தனியாக மாற்றிவிட்டு அனுப்பியதாக நினைத்தேன். பொதுவிலேயே, அதுவும் அணைத்தபடியே விட்டிருக்கிறேன். டேப்பில் எழுதினது உண்மை என்று நானே நம்பிவிட்டேன். இருபத்தாறு வருஷம் இந்த வேலை பார்க்கிறவள் செய்கிற தப்பா என்று நீ கேட்பாய். இந்த வேலை பார்க்கிறவர்கள்தான் செய்வார்கள். எழுதி ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றிவிடும்.

கேபினெட் என்பது மூக்குக்கண்ணாடி போட்ட பெட்டி என்று வைத்துக்கொள். கிட்டாரின் கூர்மையை அது தானாகவே மழுக்கிக் கொடுக்கும். ஃபுல் ரேஞ்ச் வெறுங்கண். வருவதை எல்லாம் அப்படியே காட்டும். அதனால் அதற்கு நகல் என்ற கண்ணாடியை நாம்தான் மாட்டிவிட வேண்டும். நீ திங்கள்கிழமை அதை வெறுங்கண்ணோடு விட்டாய். செவ்வாய்க்கிழமை கேபினெட்டுக்குக் கண்ணாடிமேல் கண்ணாடி போட்டாய். உன் வீட்டிலேயே கண் பரிசோதிக்கிறவள் இருக்கிறாள், அவளிடம் கேட்டுப் பார்.

நாற்பத்து மூன்றாம் பக்கம். ‘பொது’ என்பதைத் ‘தனி’ என்று மாற்று. ‘ஏ’க்கு நகல் போடு, ‘பி’க்கு எடு. இரண்டு பேரும் ஒரே நாளில் நல்லவர்களாக இருப்பார்கள்.

காதில் அழுக்கு எடுத்தது எப்படியும் நல்லதுதான்.

அக்கா


பிப்ரவரி 1

அக்காவுக்கு,

‘தனி’ என்று மாற்றினேன். நிலைமை இன்னும் மோசம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். என் மனைவி சோதனை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூடத்தில். இரண்டு பெட்டியையும் ஒட்டி ஒட்டி வைத்து, ஒரே அளவு சத்தம் என்று அளந்து, மேலே படுக்கை விரிப்பைப் போர்த்தினாள். நான் முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அவள் பின்னாலிருந்து ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டே இருப்பாள். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கேட்கிற அதே குரலில், அதே வேகத்தில், “இப்ப நல்லா இருக்கா, இல்ல இது நல்லா இருக்கா? இது? இல்ல, முன்னாடி இருந்ததா?”

இருபது தடவை. எது கேபினெட் என்று சொல்ல வேண்டும். பதினொன்று சரி. ஒன்பது தப்பு. நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே பத்து வந்திருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. ஏழாவது தடவை நான், “ஆ, இதுதான் கேபினெட், இந்த அடிவயிற்றுச் சத்தம் அந்த டப்பாவுக்கு வருமா” என்று வாசிப்பை நிறுத்திவிட்டு உரை நிகழ்த்தினேன். அவள் முடித்துவிட்டுச் சொன்னாள்: “அஞ்சு, ஆறு, ஏழு மூணுமே நான் மாத்தவே இல்ல. ஃபுல் ரேஞ்சுதான் ஓடிட்டிருந்தது. கடையில சந்தேகம் வந்தா நான் லென்ஸை மாத்தற மாதிரி கையை மட்டும் ஆட்டுவேன். பாதிப் பேர், ‘இப்ப பளிச்னு இருக்கு மேடம்’பாங்க.”

“நான் உன் கடைக்கு வர்ற ஆளா?” என்றேன்.

“அவங்களும் படிச்சவங்கதான்” என்றாள்.

எழுந்து மாடிக்குப் போய்விட்டேன். பிறகு யோசித்தேன். திங்கள்கிழமை எனக்குக் கேட்ட வித்தியாசம் நிஜம். அது பெட்டியின் வித்தியாசம் இல்லை, உன் ஸ்விட்ச். இரண்டும் சரியாக இருக்கும்போது எனக்கு எது எது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்பதை எழுதவே எனக்குக் கை கூசுகிறது. அப்படியானால் இருபது வருஷமாக எதைக் கேட்டேன்? மாடிப்படியில் அந்தக் கேபினெட்டை ஏற்றி இறக்கி என் இடுப்பு போனதே, எதற்காக?

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வங்கி அதிகாரி மட்டும்தான். அவருக்கு என் மேல் பாசம் கிடையாது, எந்தப் பெட்டி என்றும் தெரியாது. கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டார், நெஞ்சில் விழுந்தது என்றார். என் காது பொய் சொல்லலாம், அவர் காது ஏன் சொல்ல வேண்டும்?

நீ அன்று மிக்ஸரில் இருந்தாய். அதன் சத்தத்தை அரங்கத்துக்கு அனுப்ப, கேபினெட் முன்னால் நீதான் மைக் வைத்தாய். பால்கனியில் அவருக்குக் கேட்டது என்ன? இதற்கு மட்டும் பதில் எழுது. மார்ச் 14க்கு வருவதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறேன்.

தம்பி


பிப்ரவரி 6

தம்பிக்கு,

கிணறு வெட்டச் சொல்கிறாய். என்ன கிளம்பும் என்று எனக்குத் தெரியும். இரண்டு கடிதம் எழுதிக் கிழித்துப் போட்டேன். மூன்றாவதை அப்படியே தபாலில் போடப் போகிறேன்.

அந்த மைக் மூடியிருந்தது.

அன்றைக்கு மட்டும் இல்லை. கடைசி ஒன்பது நிகழ்ச்சியிலும் மூடித்தான் வைத்திருந்தேன். மைக் உன் கேபினெட்டுக்கு முன்னால் நிற்கும், வயரும் ஓடும், என் மேஜையில் அந்தக் குமிழ் கீழேயே இருக்கும். உன் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவில் ஒரு சின்ன உலோகப் பெட்டி வைத்தேன், நினைவிருக்கிறதா? “எதுக்கு இது?” என்று கேட்டாய். “இரைச்சல் வராம இருக்க” என்றேன். பொய். அதிலிருந்துதான் உன் கிட்டாரைத் தனியாக எடுத்து, என் கம்ப்யூட்டரில் ஒரு கேபினெட் நகலைப் போட்டு அரங்கத்துக்கு அனுப்பினேன். பால்கனியில் விழுந்தது அது.

ஏன் என்று கேட்பாய். ஒவ்வொரு பாட்டிலும் நீ பின்னால் திரும்பி வால்யூமை ஒரு சுற்று கூட்டுவாய். மைக்கைத் திறந்து வைத்தால் அரங்கத்தின் ஒலி முழுக்க உன் கையில் இருக்கும். மூடிவிட்டால் என் கையில். ஆனால் உன் கேபினெட் பாடகியின் மைக்குக்குள்ளேயே புகுந்துவிடும். அதை மூட முடியாது. அவர் குரலே எடுபடவில்லை. அதனால்தான் குறை, குறை என்றேன்.

முதல் தடவையே உன்னிடம் சொல்லியிருக்கலாம். சண்டை போட்டிருப்பாய், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாய், முடிந்திருக்கும். சொல்லாமல் செய்வது சுலபமாக இருந்தது. நிகழ்ச்சி முடிந்து, “இன்னிக்குப் பெட்டி எப்படி?” என்று நீ கேட்கும்போது “நல்லா இருந்தது” என்பேன். நீ இறங்கிப் போன அந்த நாளைத் தவிர எட்டுத் தடவை சொன்னேன். நான் சொன்னதிலேயே எனக்குப் பிடிக்காத வார்த்தை அது.

வாசித்தது உன் கைதான். அதில் நான் எதையும் மாற்றவில்லை. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை.

அக்கா


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய ஒலிப் பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் ஸ்பீக்கரும் பெடலும் நாளை வேனில் திரும்பி வருகின்றன. பெற்றுக்கொண்டதற்கு ஓட்டுநரிடம் கையெழுத்திட்டுத் தரவும்.

பல் டாக்டருக்கு என் வாழ்த்துகள்.


பிப்ரவரி 12

தம்பிக்கு,

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். “சார் கோவமாத்தான் இருந்தாரு மேடம். ஆனா ஸ்பீக்கருக்கு அடியில போர்வை மடிச்சு வெச்சுக் கட்டிக் குடுத்தாரு” என்றார் ஓட்டுநர்.

பல் டாக்டர் ஒத்திகைக்கு வந்தார். நல்ல மனிதர், நன்றாகவே வாசிக்கிறார். ஒரு பாட்டு முடிந்ததும் எல்லாரையும் பார்த்து, “எங்காவது உறுத்துதா?” என்று கேட்கிறார். பாடகி பாட்டின் நடுவில் இரண்டு தடவை இடப்பக்கம் திரும்பி, நீ நிற்கிற இடத்தில் அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு வரியை விட்டுவிட்டார். டிரம்ஸ்காரர் வீட்டுக்குக் கிளம்பும்போது, “நம்மாளு திமிரு புடிச்சவன்தான். ஆனா மூணாவது பாட்டுல அவன் விடற அந்த இடைவெளி இவருக்கு வராது. இவரு அதையும் அடைச்சிடறாரு” என்றார். அவர் சொன்னதாக உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார்.

20ஆம் தேதி வரைபடம் கொடுக்க வேண்டும். நான் கெஞ்சவில்லை. தேதியை மட்டும் சொல்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

ஒரு வாரமாக ஒரு கணக்கைப் போட்டுப் போட்டு அழித்துக்கொண்டிருக்கிறேன், விடை வரவில்லை.

மேடையில் எனக்குக் கேட்டது கேபினெட். அரங்கத்துக்குக் கேட்டது உன் நகல். வங்கி அதிகாரி பாராட்டியது நகலை. நான் வாங்கிக்கொண்டது கேபினெட்டுக்காக. அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் உன்னோடு பேசாமல் இருந்தேன். அந்தப் பாராட்டின் பாதி உன்னுடையது. என்னுடைய கோபத்துக்கு நீயே தீனி போட்டிருக்கிறாய், உனக்கும் தெரியாமல் எனக்கும் தெரியாமல். இதில் யார் யாரை மன்னிப்பது என்று கேட்டால் மனைவி, “கை உங்களோடது, கண்ணாடி அவங்களோடது. ரெண்டும் இல்லாம அந்த மனுஷனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. இதுல என்ன கணக்கு?” என்கிறாள். அவளுக்கு எல்லாம் சுலபம்.

கேபினெட் கூடத்தில் அப்படியே நிற்கிறது. நேற்று அதில் வாசித்தேன். நன்றாக இருந்தது. ஃபுல் ரேஞ்சைத் திருப்பி அனுப்பியிருக்கக் கூடாது என்றும் தோன்றியது. விரல் நழுவும் சத்தம் கேட்டதே, அது வேண்டும் போல் இருந்தது. அது வந்தால் இது வேண்டும் போல் இருக்கும். எது நல்லது என்று என்னைக் கேட்காதே. போன மாதம் இதற்கு என்னிடம் மூன்று பக்கத்தில் பதில் இருந்தது.

ஆனால் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க முடிந்தது. எனக்கு எரிவது நகல் இல்லை. மைக் மூடியதும்கூட இல்லை. அரங்கத்தில் சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பது உன் வேலை, என் துறைத் தலைவர் மாதிரி நீயும் வேலை தெரியாதவள் என்று சொல்ல மாட்டேன். ஒன்பது நாள் நான் மூடிய மைக்குக்கு முன்னால் நின்று, அது திறந்திருப்பதாக நம்பி வாசித்தேன். அந்த ஆளை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. நீ அவனைத் தினமும் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாய்.

வருகிறேன். ஃபுல் ரேஞ்ச் என்றே வரைபடத்தில் எழுது. பிரசவ வார்டோடு எனக்குப் பகையில்லை. பெட்டியை வேனில் மறுபடி அனுப்பு, பழக வேண்டும்.

ஒரு நிபந்தனை. அன்றைக்கு என் சத்தம் அரங்கத்துக்குப் போகாமல் என்னை மூட வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மூடு, காரணம் கேட்க மாட்டேன். ஆனால் மூடுகிற நொடியில் எனக்குத் தெரிய வேண்டும். மைக்கில் கத்தாதே. கையைத் தூக்கு. இறக்குகிற வரைக்கும் நான் மூடியிருக்கிறேன் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஒத்துக்கொள்கிறாயா என்று மட்டும் எழுது.

தம்பி


பிப்ரவரி 19

தம்பிக்கு,

ஒத்துக்கொள்கிறேன். வரைபடத்தில் எழுதிவிட்டேன். இடப்பக்கம், பாடகிக்கு இரண்டு அடி பின்னால்.

ஆனால் நான் கையைத் தூக்கினால் நீ பார்க்க வேண்டுமே. மேடையில் ஏறினால் உன் விரலைத் தவிர வேறெதையும் நீ பார்த்து நான் பார்த்ததில்லை. பாட்டுக்கு ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்ப்பேன் என்று நீயும் எழுதிக் கொடு.

பல் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். “பரவாயில்ல, அடுத்த தடவ பார்க்கலாம்” என்றார். டிரம்ஸ்காரருக்கு மட்டும் இனி கொஞ்சம் வலிக்கும் என்று நினைக்கிறேன்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

அன்று கூட்டத்தில் பேச நேரமில்லை. எல்லாரும் பாடகியைச் சுற்றி நின்றார்கள், நீ வயர் சுருட்டிக்கொண்டிருந்தாய், எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அதனால் இது.

ஸ்பீக்கரைப் பற்றி உன் குறிப்பேட்டுக்கு எழுதித் தரச் சொல்லியிருந்தாய். முதல் இரண்டு பாட்டில் தொலைபேசியில் என் குரலையே கேட்கிற மாதிரி இருந்தது. முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லாத மாதிரி ஒரு குளிர். பாடகியின் மைக்கையும் நீ அதில் சேர்த்துவிட்டிருந்தாய்; மூன்றாவதில் அவர் மூச்சு இழுப்பது அதற்குள்ளிருந்து கேட்டது. இருபது வருஷம் கூட வாசித்திருக்கிறேன், அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அது நல்லதா, தொந்தரவா? இரண்டும். நல்லது என்று எழுதிக்கொள், அல்லது எழுதாதே. வீட்டுக்கு வந்து கேபினெட்டில் வாசித்தபோது பழைய செருப்பில் கால் நுழைந்த மாதிரி இருந்தது. அதையும் எழுதிக்கொள்.

டிரம்ஸ்காரர் கையைக் குலுக்கினார். நானும் குலுக்கினேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தால் அது அவர் பாடு.

இனி ஐந்தாவது பாட்டு. வாக்குக் கொடுத்தபடி நிமிர்ந்தேன். நீ கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். எனக்கு முகம் சுட்டது. தரையில் கிடந்த ஸ்பீக்கரிலிருந்து என் கிட்டார் எனக்கு நன்றாகவே கேட்டது, எந்தக் குறையும் இல்லை. பழைய கோபம் காலிலிருந்து ஏறி வந்தது. வயர் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அப்புறம்தான் காது வைத்துக் கேட்டேன். இரண்டாவது தந்தி சுருதி இறங்கிக் கிடந்தது. எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. குனிந்து முறுக்கினேன். நானூறு பேர் முன்னால், யாருக்கும் கேட்காமல், உனக்கும் எனக்கும் மட்டும் தெரிய. சரியானதும் நிமிர்ந்தேன். நீ கையை இறக்கினாய்.

நீ மூடாமல் விட்டிருந்தால் கூட்டத்தில் யாராவது கவனித்திருப்பார்களா, தெரியாது. எந்தப் பெட்டியாக இருந்திருந்தால் தந்தி இறங்கியது எனக்கு முன்பே கேட்டிருக்கும், அதுவும் தெரியாது. சொல்லாமல் மூடியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு வந்து, “இன்னிக்கு எப்படி?” என்று உன்னைக் கேட்டிருப்பேன்.

இன்னும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். எப்படி இருந்தது?

தம்பி